மைனஸ் இரண்டு பூச்சி

கழித்துப் பார்த்தால் மைனஸ் இரண்டு வந்தது. போன முறை பொறியின் பசை அட்டையில் 11 அந்துப்பூச்சிகள் ஒட்டியிருந்தன. இந்த முறை எண்ணினால் 9. பசையில் ஒட்டிய பூச்சி எழுந்து போகாது. ஆகவே போன முறை நான்தான் தப்பாக எண்ணியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். மைனஸ் இரண்டு பூச்சி என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. ‘புதிதாகப் பிடிபட்டவை’ என்ற கட்டத்தில் 0 என்று போட்டுவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தபோது 6 இருந்தது. அப்போதும் 0.

ஓர் அருங்காட்சியகத்தின் சேமிப்பு அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்வையாளர்கள் பார்க்கும் கூடங்களில் இருப்பது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் இழுப்பறைகளிலும் பெட்டிகளிலும் இருட்டில் கிடக்கிறது. அந்த இருட்டை நம்மைவிட அதிகமாக விரும்புகிற உயிர்கள் சில உண்டு. அவை வந்துவிட்டனவா என்று தெரிந்துகொள்ளத்தான் அறைக்கு அறை பொறி வைத்திருக்கிறோம். துணிச் சேமிப்பு அறையில் இருப்பது பொறி எண் 7. அதில் தொடர்ந்து மூன்று முறை நான் பூஜ்ஜியம் எழுதினேன். ஆண்டுக் கூட்டத்தில் அந்த எண்களை வரைபடமாக்கித் திரையில் காட்டியபோது, உச்சியில் தொடங்கிய கோடு சரசரவென இறங்கித் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. “நல்ல முன்னேற்றம்” என்றார்கள். நானும் தலையாட்டினேன். பல வருடம் ஆகிவிட்டது, அந்தத் தலையாட்டல் இன்னும் உறுத்துகிறது.

வராதவர்களை எண்ணுவது

வயலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைப் பார்த்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. எங்களுடையது அதன் சின்னத் தம்பி. கூடாரம் போல மடித்த ஓர் அட்டை, அடியில் பசை, நடுவில் லூர் என்கிற ஒரு கவர்ச்சித் துண்டு. பெண் பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து லூரில் ஏற்றியிருப்பார்கள். மனித மூக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆண் அந்துப்பூச்சி மட்டும் தேடிக்கொண்டு வரும், ஒட்டிக்கொள்ளும். நான் போய் எண்ணுவேன்.

இந்த வாசனைப் பொருட்களுக்கு ஃபெரோமோன் என்று பெயர் வைத்தது 1959-இல், பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும். அதே ஆண்டில்தான் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட், பட்டுப்பூச்சியின் அழைப்பு வாசனையைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னார். அதற்காக அவர் குழு எடுத்துக்கொண்ட பெண் பட்டுப்பூச்சிகள் சுமார் 5 லட்சம். ஒவ்வொன்றிலும் அவ்வளவு சொற்பமாகத்தான் அந்தப் பொருள் இருக்கிறது, ஆணுக்கு அந்தச் சொற்பமே போதும். புதிய லூர் ஒன்றைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த 5 லட்சத்தை நினைத்துக்கொள்வேன். லூரைத் தொட்ட கையுறையோடு அடுத்த அறைக்குள் நுழையக் கூடாது என்ற விதிக்கும் இதுதான் காரணம். நுனி விரலில் ஒட்டியதுகூட ஒரு பூச்சிக்குப் போதுமான சேதி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிடிபடுவது ஆண் மட்டும். கம்பளியைக் கெடுக்கிற அந்துப்பூச்சி வகையில், வளர்ந்த பூச்சி எதையுமே தின்பதில்லை. அதற்கு வாய் இருந்தும் இல்லாத மாதிரிதான். தின்பது புழு. அந்தப் புழுவுக்கான முட்டையை மடிப்பு பார்த்து இட்டுவிட்டுப் போவது பெண். ஆக, துணி நாசமாகக் காரணமான இரண்டு பேரும் பொறிப் பக்கமே வராதவர்கள். வந்து மாட்டிக்கொள்வது ஒரு நூலையும் கடிக்காத, 7 மில்லிமீட்டர் நீளமுள்ள, வைக்கோல் நிறத்து அப்பாவி. வந்த அப்பாவிகளின் எண்ணிக்கையை வைத்து, வராதவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று ஊகிப்பதுதான் எங்கள் தொழில். பொறி வைத்தே பூச்சியை ஒழித்துவிடலாம் என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பத்து ஆண்கள் பசையில் செத்தாலும் தப்பிய ஒன்று போதும், கதை தொடரும்.

விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சியைக் காட்டி, இதுதானே அது என்று கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலும் இல்லை. கம்பளி அந்து வெளிச்சத்தைக் கண்டால் ஒளியும். துணியை உதறும்போது பறக்காமல் தரையில் விழுந்து ஓடுகிறதா, அப்போது கவலைப்படுங்கள்.

இறகில்லாத இறகு

அந்த மூன்றாவது பூஜ்ஜியத்துக்கு நான்கு வாரம் கழித்து, ஓர் ஆய்வாளர் இறகு வேலைப்பாடு கொண்ட தொப்பி ஒன்றைப் பார்க்கக் கேட்டிருந்தார். பதிவேட்டைப் பார்த்தேன். பொறி எண் 7 இருக்கும் அதே அலமாரி, கீழிருந்து இரண்டாவது இழுப்பறை. பொறிக்கும் இழுப்பறைக்கும் நடுவே இரண்டு எட்டு வைக்கக்கூட இடமில்லை. கையுறை போட்டுக்கொண்டு இழுத்தேன். மேலே போர்த்தியிருந்த டிஷ்யூ தாளை விலக்கினேன்.

முதலில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. தொப்பி இருந்தது, இறகுகளும் இருந்தன. அப்புறம்தான் புரிந்தது, இருந்தது இறகுகளின் தண்டு மட்டும். இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய மென்மையான பகுதி, சீப்புப் பல் போல வரிசையாக நிற்குமே, அது முழுக்க மழிக்கப்பட்டிருந்தது. தின்று முடித்த மீன் முள் மாதிரி கிடந்தது ஒவ்வொன்றும். நூலாம்படை இல்லை, கூடு இல்லை. அந்துப்புழு தின்றிருந்தால் பட்டு இழையால் ஒரு குழாய் பின்னி வைத்திருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. தாளின் மடிப்பில் மட்டும் பழுப்புக் கோடு போட்ட, மயிர் அடர்ந்த, அரிசி மணியைவிடச் சின்னதான ஏதோ குவிந்திருந்தது. மூச்சு விட்டதற்கே நகர்ந்தது. உயிர் இருக்கிறது என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். உயிர் இல்லை, வெறும் தோல். கம்பள வண்டின் புழு வளர வளரச் சட்டையை உரித்து உரித்துப் போடும். ஒரு புழு பல சட்டை கழற்றும். நான் பார்த்தது அந்தத் துணிமணிக் குவியல்.

கம்பள வண்டும் அந்துப்பூச்சியும் உறவே இல்லை. ஒன்று வண்டு, மற்றொன்று விட்டில் ஜாதி. தின்பது மட்டும் ஒரே பொருள், கம்பளி, இறகு, மயிர், தோல். வளர்ந்த வண்டு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், பொட்டுப் பொட்டாக அழகாகவே இருக்கும். பூவின் மகரந்தத்தைத் தின்ன வெளியே போக நினைத்து ஜன்னல் விளிம்பில் வந்து செத்துக் கிடக்கும். இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு உயிரியலாளர் லின்னேயஸ் 18-ஆம் நூற்றாண்டிலேயே அருங்காட்சியகத்தின் பெயரைச் சேர்த்தே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார், இன்று அது ஆந்த்ரீனஸ் மியூசியோரம். எங்கள் பெயரையே தாங்கி நிற்கிற பூச்சி. அதற்கு என் பொறியில் அழைப்பே இல்லை. பொறி எண் 7-இன் லூர் அந்துப்பூச்சியின் பாஷை மட்டும் பேசியது. வண்டின் காதில் அது விழவே விழாது.

இழுப்பறையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பொறியைக் கையில் எடுத்தேன். இதற்கு முன்பெல்லாம் நின்றபடியே குனிந்து எண்ணிவிட்டுப் போவேன். அன்று மேசையில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, லென்ஸ் வழியாகப் பார்த்தேன். பசை பசையாகவே இல்லை, தூசி படிந்து சாம்பல் நிறத்தில் உலர்ந்துபோயிருந்தது. அதில் நான் 6 என்று எண்ணிய அந்துப்பூச்சிகளில் நான்கு, வயிறு குடையப்பட்ட கூடு மட்டும். எண்ணிக்கையில் காணாமல் போன ஐந்து இருந்த இடங்களில் இரண்டிரண்டு இறக்கைகள், பொன் நிறச் செதில் தூளோடு, பசையில் அச்சு எடுத்த மாதிரி ஒட்டியிருந்தன. உடம்பு இல்லை. அவற்றுக்கு நடுவே அதே பழுப்புக் கோட்டுச் சட்டைகள், மூன்று. அட்டையின் ஓரத்தில் பசை கொஞ்சம் மிச்சமிருந்த இடத்தில், மாட்டிக்கொண்டு செத்த ஒரு புழு. வாலில் குஞ்சம் விரிந்திருந்தது. லென்ஸை நெருக்கினால் அந்தக் குஞ்சத்தின் ஒவ்வொரு மயிரின் நுனியும் ஈட்டி முனை மாதிரி இருந்தது.

மைனஸ் இரண்டுக்கும் மைனஸ் மூன்றுக்கும் கணக்கு கிடைத்துவிட்டது. செத்த பூச்சியும் கம்பள வண்டுப் புழுவுக்கு நல்ல தீனி. நான் அந்தப் புழுக்களுக்குப் பந்தி விரித்து வைத்திருக்கிறேன். அவை வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டிருக்கின்றன. இலையில் பண்டம் குறையக் குறைய, நான் முன்னேற்றம் என்று வரைபடம் போட்டிருக்கிறேன்.

மூன்று பூஜ்ஜியங்கள்

அந்த அட்டையை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் கௌரவமான பதில் எதுவும் என்னிடம் இல்லை. பசையில் இடம் இருக்கிறதே என்று விட்டேன். லூர் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்பது தெரியும். உறையிலேயே போட்டிருக்கும். புதிய லூர் பெட்டி வர நாளாகிறது, வந்ததும் மாற்றலாம் என்று ஒரு முறை. வந்த பிறகு, பூஜ்ஜியம்தானே, அவசரமில்லை என்று இன்னொரு முறை. இந்த இரண்டாவது காரணத்தைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பூச்சி இல்லை என்று பொறி சொன்னதால் பொறியைக் கவனிக்கவில்லை. பொறியைக் கவனிக்காததால் அது பூச்சி இல்லை என்று சொன்னது.

திரும்ப யோசித்தால் அந்த மூன்று பூஜ்ஜியமும் மூன்று விதமானவை. முதலாவது ஒருவேளை உண்மையான பூஜ்ஜியமாக இருந்திருக்கலாம். லூரில் இன்னும் வாசனை இருந்தது, பசை நன்றாக இருந்தது, ஆண் எதுவும் வரவில்லை. இரண்டாவது செத்த லூரின் பூஜ்ஜியம், அழைக்கவே இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வரவில்லை என்பது போல. மூன்றாவது, ஆளையே மாற்றி எண்ணிய பூஜ்ஜியம். கட்டத்தில் மூன்றும் ஒரே மாதிரி வட்டமாகத்தான் இருந்தன. வரைபடத்துக்கு வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு பூச்சிக்கும் தனி வாசனை என்பது படித்தபோது எனக்கு ஓர் அழகான விஷயமாகத்தான் பட்டது. தாவர மாதிரித் தாள்களைத் துளைக்கும் சிகரெட் வண்டுக்கு செர்ரிகார்னின். கறுப்புக் கம்பள வண்டுக்கு மெகாடோமோயிக் அமிலம். ஸ்டெகோபினோன் மட்டும் விதிவிலக்கு, மரச்சாமான் துளைக்கும் வண்டும் உலர்ந்த பண்டங்களில் வாழும் மருந்துக்கடை வண்டும் ஒரே பொருளுக்கு மயங்கும். இத்தனை நுட்பமும் பொறி விற்கும் உறையில் பெருமையாகப் போட்டிருக்கும். இந்த ஒரு வகையை மட்டும் துல்லியமாக ஈர்க்கும் என்று. மற்ற எதையும் இது உங்களுக்குச் சொல்லாது என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது, நாம்தான் அப்படிப் படிப்பதில்லை. இப்போது லூர் இல்லாத வெறும் பசைப் பொறியும் ஒவ்வொரு அறையிலும் சுவரோரமாக வைக்கிறேன். அதற்கு எந்தப் பாஷையும் தெரியாது. வழிதவறி வருகிற எல்லாரும் மாட்டுவார்கள், புழு, வெள்ளிப்பூச்சி, சிலந்தி. அலங்காரமில்லாத அந்தப் பொறியின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

தொப்பியையும் அந்த இழுப்பறையில் இருந்த மற்றவற்றையும் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் வைத்தோம். வீட்டு ஃப்ரீசர் அளவுக் குளிர், மைனஸ் 18 என்றால் இரண்டு வாரம் ஆகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் பொருளின் மேலேயே பூத்துவிடும். குளிர் தாங்காதவற்றுக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்பி வாரக்கணக்கில் வைக்கும் முறை இருக்கிறது. எங்களுக்கு முந்தைய தலைமுறைகள் இவ்வளவு மெனக்கெடவில்லை. ஆர்சனிக் பூசினார்கள், பாதரச உப்பு தடவினார்கள், டிடிடி தூவினார்கள், மிச்சத்துக்கு அந்துருண்டை. பூச்சி வரவில்லைதான். அந்தப் பொருட்களை இன்று தொடும் நாங்கள்தான் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு நிற்கிறோம். மீத்தைல் புரோமைடு புகையையும் ஓசோன் படலத்துக்காக மான்ட்ரியல் ஒப்பந்தம் படிப்படியாக நிறுத்தவைத்தது. விஷம் கைவிட்டுப் போகப் போக, கண்காணிப்புதான் மிஞ்சியது. கண்காணிப்பு என்பது கடைசியில் ஒரு மனிதர் குனிந்து எண்ணுவது.

பச்சை எச்சம்

பொறியைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சரியாகப் பேசிய ஒரு சம்பவமும் இருக்கிறது, அதுவும் தொப்பிக்கு அடுத்த வருடமே. கல்லும் உலோகமும் மட்டும் வைத்திருக்கும் காட்சிக்கூடம். அங்கே அந்துப்பொறி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு, எல்லா அறையிலும் ஒன்று என்ற விதிக்காக வைத்திருந்தேன். முதல் மாதம் 2, அடுத்த மாதம் 3, அதற்கடுத்து 14. தின்ன ஒரு மயிர்கூட இல்லாத அறையில் 14 ஆண் பூச்சிகள். பழைய நானாக இருந்திருந்தால் எங்கோ வெளியிலிருந்து வழிதவறி வந்தவை என்று எழுதியிருப்பேன். ஒன்றுக்குப் பதில் ஆறு பொறி வைத்தோம், மூலைக்கு ஒன்று, நடுவில் இரண்டு. ஒரு மாதம் கழித்து தரைப்படத்தில் எண்களைக் குறித்தபோது வடகிழக்கு மூலை மட்டும் கனத்திருந்தது. அங்கே ஒரு கனமான பீடம். நான்கு பேர் சேர்ந்து நகர்த்தினோம்.

தரையில் கீறல் விழாமலிருக்க எப்போதோ யாரோ பீடத்தின் அடியில் ஃபெல்ட் என்கிற தடித்த துணியை ஒட்டியிருக்கிறார்கள். அசல் கம்பளி ஃபெல்ட், நல்ல பச்சை. பாதி காணோம். மிச்சத்தில் பட்டு இழைக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அவற்றைச் சுற்றி மணல் மணலாகப் பச்சை நிற எச்சம். அந்துப்புழுவின் எச்சம் அது தின்ற சாயத்தின் நிறத்திலேயே வரும், சிவப்புக் கம்பளிக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். அருங்காட்சியகப் பட்டியலில் இல்லாத, பதிவெண் இல்லாத, யாரும் காப்பாற்ற நினைக்காத ஒரு துண்டு ஃபெல்ட். பொறி இல்லையென்றால் அதை யார் பார்த்திருப்பார்கள்? அந்த மாதக் கூட்டத்தில் வரைபடம் செங்குத்தாக ஏறியது. முகங்கள் மாறின. என் வேலையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரு காரியம் அந்த ஏறிய கோடு என்று சொல்லிப் பார்த்தேன். சிலருக்குப் புரிந்தது.

எண் இறங்கினால் நல்லது என்கிற பழக்கத்தைக் குழப்புகிற இன்னொன்றும் இப்போது வந்திருக்கிறது. பெண்ணின் வாசனையை அறை முழுக்கப் பரப்பி, ஆண்களைத் திணறடித்து, ஜோடி சேராமல் செய்யும் முறை. இங்கிலாந்தில் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2021-இல் பிளிக்லிங் மாளிகையில் இதையும், அந்துப்பூச்சி முட்டைக்குள்ளேயே முட்டையிடும் ட்ரைக்கோகிராமா குளவிகளையும் சேர்த்துச் சோதித்தது. அரை மில்லிமீட்டர் குளவி, கண்ணுக்குத் தெரிந்தால் அதிர்ஷ்டம். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அறை முழுக்க வாசனை இருக்கும்போது, ஆண் பூச்சியால் பெண்ணையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் என் பொறியை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கும்? பிடிபடும் எண் குறையத்தான் செய்யும். பூச்சி குறைந்ததாலா, திணறியதாலா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. துணியைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

படிவத்தை மாற்றிவிட்டேன். எண்ணுக்கு முன்னால் மூன்று கட்டம் சேர்த்தேன், லூர் போட்ட தேதி, பசையின் நிலை, அருகில் திறந்து பார்த்த இழுப்பறை எது என்று. எண்ணிய பூச்சியைப் பேனாவால் வட்டம் போட்டு வைப்போம். லூர் மாறும்போது அட்டையும் மாறும். மூன்று கட்டமும் நிரம்பாத இடத்தில் 0 எழுத அனுமதி இல்லை, கோடு மட்டும் போட வேண்டும். வரைபடத்தில் இப்போது நிறைய ஓட்டை விழுகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். சரி, இருக்கட்டும்.

அந்தப் பழைய அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. அதையும் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பையில் மூடி, என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் அதைக் கொடுத்து எண்ணச் சொல்வேன். எல்லாரும் 6 என்பார்கள். போன மாதம் சேர்ந்த பெண் கொஞ்ச நேரம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், “மேடம், உடம்பை எண்ணணுமா, இறக்கையை எண்ணணுமா?”

பொறி எண் 7-ஐ அன்றே அவளிடம் ஒப்படைத்துவிட்டேன்.